தேய்ந்த திருமுகம்: வீட்டுச் செப்புத்திருமேனியை மாற்றலாமா, அப்படியே வைத்து வழிபடலாமா?

அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பூசையறையில் ஒரு சாண் உயரமுள்ள சிவகாமியம்மை திருமேனி ஒன்று இருக்கிறது. எங்கள் அப்பாயி மணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோதே அது அங்கே இருந்ததாகச் சொல்வார்கள். யார் செய்தது, எந்த ஆண்டில் வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. அப்பாயி தம் இறுதிக் காலம் வரை வெள்ளிக்கிழமைதோறும் பாலும் மஞ்சள் நீரும் கொண்டு அபிஷேகம் செய்தார்கள். அபிஷேகத்துக்கு முன்பு புளி போட்டுத் தேய்த்து மின்ன வைப்பதும் உண்டு. அதனால் இன்று அம்மையின் மூக்கு நுனி மழுங்கி, கண்களின் கோடுகள் முற்றிலும் மறைந்து, திருமுகம் ஆற்று நீரில் உருண்ட கூழாங்கல்லைப் போல வழவழப்பாகிவிட்டது. கை, கால், பீடம் எதிலும் உடைவு இல்லை.

தம்பி பெங்களூரில் புதுவீடு கட்டி முடித்திருக்கிறான். புதுமனைப் புகுவிழாவுக்கு அம்மையை அங்கே எழுந்தருளச் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். ஆனால் கண் தெரியாத விக்கிரகத்தை வீட்டில் வைத்துக் கும்பிடக் கூடாது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பழையதைக் காவிரியில் விட்டுவிட்டு, இணையக் கடையில் பார்த்து வைத்திருக்கும் பளபளப்பான பித்தளை அம்மனை வாங்கிவிடலாம் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஒப்பாததற்கு என்னால் காரணம் சொல்லவும் முடியவில்லை. கையால் செய்த திருமேனிக்கும் வார்ப்பாலையில் நூற்றுக்கணக்கில் வருவதற்கும் வழிபாட்டு நோக்கில் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது இது என் பாசம் மட்டும்தானா என்பதை இத்துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உளியோசை

அம்மா, முதலில் ஒன்று: ஆற்றில் விட வேண்டாம். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான் சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் திருமேனி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தேன்மெழுகும் குங்கிலியமும் சிறிது கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில்தான் முதலில் உருவம் செய்வோம். தலை, உடல், கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிடித்து, சூடேற்றிய கத்தியால் ஒட்டி, குளிர்ந்த நீரில் இட்டு இறுகவைத்து, அணிகலன் ஒவ்வொன்றையும் மெழுகு நூலாகத் திரித்து வைப்போம். அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணை உமிக்கரியோடு அரைத்துச் சந்தனம் போலக் குழைத்து, முதல் பூச்சாக மெல்லியதாகத் தடவுவோம். வெளியில் எவ்வளவு கனமாக மண் அப்பினாலும், கண்ணிமையின் கோட்டைப் பிடித்துக்கொள்வது அந்த முதல் பூச்சுதான். அது நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும். அடுத்து மணல் கலந்த வயல் மண், அதன்மேல் கம்பிக்கட்டு, மறுபடியும் மண். வறட்டித் தீயில் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவோம். மெழுகின் எடையைப் போல ஏறத்தாழ ஒன்பது பங்கு உலோகம் வேண்டியிருக்கும். பஞ்சலோகம் என்று சொன்னாலும் செம்பே பெரும்பங்கு. பொன்னும் வெள்ளியும் சிறிதளவே சேரும். திருமேனி செய்யச் சொன்ன குடும்பத்தார் தங்கள் வீட்டுப் பொற்றுணுக்கு ஒன்றைக் கொண்டுவந்து தங்கள் கையாலேயே உலோகம் உருக்கும் மூசையில் இடுவதும் உண்டு.

ஆறிய பிறகு மண்ணச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும். மெழுகு உருகிப் போய்விட்டது, அச்சும் உடைந்துவிட்டது. ஆகவே அதே திருமேனி இன்னொன்று பிறக்க வழியில்லை. நீங்கள் சொல்லும் இணையக் கடைப் பித்தளை அம்மன் பெரும்பாலும் மணல் அச்சில் வார்த்ததாக இருக்கும். ஒரு மாதிரியை மணலில் பதித்து எடுத்து, அதே மாதிரியை மறுபடி மறுபடி பதித்து வார்ப்பார்கள். அதுவும் உழைப்புதான், அதைச் செய்பவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மாதிரியிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டு இன்னொரு மாதிரி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சிறிது தெளிவு குறைகிறது.

உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். பச்சைத் தென்னங்கீற்று ஒன்றை நாடாவாகக் கிழித்து, அம்மையின் முகத்தை, நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை அளந்து நறுக்கிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டைக் கழுத்துக் குழியிலிருந்து மார்பு வரை, மார்பிலிருந்து உந்தி வரை, உந்தியிலிருந்து தொடைகள் பிரியும் மூலம் வரை வைத்துப் பாருங்கள். தொடைக்கு அதே துண்டு இரண்டு முறை, கணைக்காலுக்கு இரண்டு முறை. என்ன கிடைக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள்.

நெய்விளக்கு

சகோதரிக்கு வணக்கம். பரம்பரையாகச் சிவாலய பூசை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் சில சொல்கிறேன்.

தேய்வு வேறு, பின்னம் எனப்படும் உடைவு வேறு. தலை, கை, கால் போன்ற உறுப்புகள் உடைவதையும், அணிகலன், ஆயுதம், பீடம் போன்றவற்றில் நேரும் சிறு குறையையும் ஆகம, சிற்ப நூல்கள் வெவ்வேறாகவே பார்க்கின்றன. சிறு குறையைச் செப்பனிட்டு வழிபட இடம் கொடுக்கின்றன. அபிஷேகத்தால் முகம் தேய்ந்தது உடைவு ஆகாது. காவிரிக் கரைக் கோயில்களின் பழைய உற்சவர்களைத் திருமஞ்சன வேளையில் அலங்காரம் இல்லாமல் அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை திருமுகங்கள் பூசையிலேயே மழுங்கியிருக்கின்றன என்று. அவை இன்றும் வீதி உலா வருகின்றன.

கண்ணைப் பற்றிய அச்சத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு, அதை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. பிரதிஷ்டையின்போது நயனோன்மீலனம் என்ற கண் திறப்பு நடைபெறுகிறது. பொன்னூசியால் விழிக்கோட்டை வரைந்து, முதல் பார்வை படும்படி கண்ணாடி, கன்றோடு கூடிய பசு, தானியக் குவியல் போன்ற மங்கலப் பொருள்களைக் காட்டுவார்கள். அதுவரை ஸ்தபதியின் கையில் இருந்த உருவம் அதன் பிறகு ஆசாரியரின் பொறுப்புக்கு வருகிறது. நீரில் வைக்கும் ஜலாதிவாசம், தானியத்தில் வைக்கும் தான்யாதிவாசம், படுக்கையில் வைக்கும் சயனாதிவாசம் ஆகியவற்றுக்குப் பின்னர், கும்பத்தில் ஆவாகனம் செய்த சாந்நித்தியத்தை, அதாவது இறையிருப்பை, திருமேனியில் சேர்க்கிறோம். ஒருமுறை திறந்த கண், கோடு மறைந்ததால் மூடிக்கொள்வதில்லை. தொடர்ந்து பூசை நடந்த வீட்டில் அந்தக் கவலையே வேண்டாம்.

ஒருவேளை உளி வைத்துக் கண் கோட்டை மீண்டும் எடுப்பதென்று முடிவு செய்தால், சாந்நித்தியத்தை முதலில் நீர் நிறைந்த கும்பத்துக்கு மாற்றிவிட்டே உளி படலாம். வேலை முடிந்தபின் மறுபடியும் திருமேனியில் சேர்க்க வேண்டும். அளவைப் பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்: வீட்டு வழிபாட்டுக்குப் பெருவிரல் கணு அளவு தொடங்கி ஒரு சாண் வரை உள்ள திருமேனி ஏற்றது என்பது மச்ச புராணத்தின் கூற்று. உங்கள் அம்மை அந்த வரம்புக்குள் இருக்கிறாள்.

நட்டகல்

அனைவரும் பெரிய மனதோடு கேட்க வேண்டும். கோயிலுக்குப் போகும் வீட்டில் பிறந்து, சித்தர் பாடல்களால் வேறு பக்கம் திரும்பியவன் நான். நட்ட கல்லைச் சுற்றி வந்து மந்திரம் முணுமுணுப்பதைச் சிவவாக்கியர் கேள்வி கேட்டார். கறியைச் சமைத்த சட்டிக்கு அதன் சுவை தெரியுமா என்றார். வள்ளலார் 1872-இல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவியபோது திருமேனி எதையும் வைக்கவில்லை. ஏழு திரைகளுக்குப் பின்னே ஒளியை மட்டும் வைத்தார். அவர்களும் இதே மண்ணின் ஞானிகள்தாம்.

என் ஐயம் இதுதான். இறை எங்கும் நிறைந்தது என்றால் மணல் அச்சில் வார்த்த பித்தளையிலும் அது இருக்க வேண்டும். கைவேலையில் மட்டும் கூடுதலாக வந்து தங்கும் என்று சொல்வது கலைப்பொருளின் விலையைப் பக்தியின் பெயரால் ஏற்றுவதாக ஆகிவிடாதா? ஆயிரங்களில் செலவு செய்ய இயலாத ஒரு குடும்பம் நூறு ரூபாய்ப் படத்தை மாட்டிக் கும்பிடுகிறது. அந்தக் கும்பிடு குறைந்ததா? சகோதரியின் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாசம் அப்பாயியின் மீதானது என்று நேராகச் சொல்லிவிடலாமே.

பாசுரப்பித்து

நட்டகல் அவர்களின் கேள்வி நியாயமானது. வைணவ மரபில் அதற்கு ஒரு விடை உண்டு. இறைவனின் நிலைகளைப் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்று ஐந்தாகச் சொல்வோம். அவற்றுள் அர்ச்சை, அதாவது திருமேனி நிலை, எளிமையின் எல்லை. குளிப்பாட்டினால் குளித்து, உடுத்தினால் உடுத்தி, ஊட்டினால் உண்டு, அடியவனுக்கு வசப்பட்டு நிற்கும் நிலை அது. அடியவர் எந்த உருவை உகக்கிறாரோ அதுவே தன் உருவம் என்று அவன் ஏற்றுக்கொள்வதாகப் பொய்கையாழ்வார் பாடினார். ஆகவே நூறு ரூபாய்ப் படத்துக்குச் செய்த கும்பிடு ஒருநாளும் குறைந்ததாகாது. இதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் சகோதரியின் கேள்வி, ஏற்கெனவே உகந்து வழிபட்ட ஒன்றை விலக்கலாமா என்பது. இதற்குத் திருவரங்கத்தில் நடந்ததாக அக்கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்வதைவிடப் பொருத்தமான செய்தியை நான் அறியேன். 1323-இல் தில்லிப் படை வந்தபோது, வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் உற்சவரான அழகிய மணவாளனை எடுத்துக்கொண்டு தெற்கே சென்றார். முதிர்ந்த வயதில் அந்தப் பயணத்திலேயே சோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார், அதாவது காலமானார். பெருமாள் ஊர் ஊராக அலைந்து 1371-இல்தான் திருவரங்கம் திரும்பினார். இடைக்காலத்தில் கோயிலில் வேறோர் உற்சவரை எழுந்தருளச் செய்து பூசை நடத்தியிருந்தார்கள். திரும்பி வந்தவர்தாம் பழைய பெருமாள் என்று உறுதி சொல்ல, பழையவரை நேரில் கண்டவர்கள் ஊரில் இல்லை. அப்போது கண்பார்வை இழந்த ஒரு முதிய ஈரங்கொல்லி (துணி வெளுப்பவர்), இருவருக்கும் திருமஞ்சனம் செய்து அந்த ஈர ஆடையின் தீர்த்தத்தைத் தனக்குக் கொடுங்கள் என்றார். பெருமாளின் ஆடைகளை வெளுத்தபோதெல்லாம் அந்த ஈர ஆடைத் தீர்த்தத்தை உட்கொண்டு வந்தவர் அவர். ஒன்றைச் சுவைத்ததும், "இவரே நம்பெருமாள்" என்றார். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. இடைக்காலத்தில் பூசை ஏற்றவரை யாரும் ஆற்றில் விடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்தோடு அவரும் அங்கேயே எழுந்தருளியிருக்கிறார். சகோதரியின் தம்பி புதிய அம்மனை வாங்கட்டும். அதற்காகப் பழைய அம்மை வெளியேற வேண்டியதில்லை.

செப்புக்களிம்பு

சுருக்கமாக, உலோகப் பாதுகாப்புத் தொழில் செய்பவன் என்ற முறையில்: புளி வேண்டவே வேண்டாம். புளியின் அமிலம் களிம்பை மட்டும் கரைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் செம்பின் மேற்பரப்பையும் சிறிது எடுத்துக்கொண்டு போகிறது. அதோடு தேங்காய் நாரோ மணலோ சேர்ந்தால் முகத்தின் மேடான பகுதிகள், அதாவது மூக்கும் இமையும், முதலில் போகும். உங்கள் அம்மைக்கு நடந்தது அதுதான். இனி அபிஷேகத்துக்குப் பின் நல்ல தண்ணீரால் பால் பிசுக்குப் போகக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மடிப்புகளில் ஈரம் தங்காமல் உலர்த்தினால் போதும். கருத்த நிறம் நோயன்று, அது உலோகத்துக்குக் காப்பு. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் உடனே கவனிக்க வேண்டும். உப்பால் வரும் அந்த அரிப்பு உள்ளே பரவும்.

இன்னொன்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த சிற்பம் தொல்பொருளாகக் கருதப்படும். வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. உங்கள் திருமேனியின் வயது தெரியாததால், நான்கு பக்கமும் அளவுகோலோடு படம் எடுத்து வைத்து, தொல்லியல் துறையின் பதிவு அலுவலரை அணுகிவிடுங்கள். படம் எடுத்து வைப்பதைக் கடமையாகவே சொல்கிறேன். பத்தூர் நடராசர் லண்டனில் நடந்த வழக்குக்குப் பின் 1991-இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். ஸ்ரீபுரந்தானின் அடையாளத்தை உறுதி செய்ததில் பழைய ஒளிப்படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

உளியோசை

நட்டகல் ஐயாவுக்கு. கைவேலையில் இறை கூடுதலாகத் தங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. பொருள் அழியாமல் தங்கும் என்று மட்டும் சொல்வேன்.

நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். உடுக்கை ஏந்திய கை படைத்தல், அஞ்சேல் என்று அமைத்த கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல் என்று உண்மை விளக்கம் என்னும் சைவ சித்தாந்த நூல் ஐந்தொழிலையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சொல்கிறது. இதை அறிந்தவன் மெழுகைப் பிடிக்கும்போது தீயின் நாக்குகளைத் தனித்தனியாக எடுப்பான். உடுக்கையின் இடுப்பை ஒடுக்கிக் காட்டுவான். தூக்கிய திருவடியின் விரல்கள் தளர்ந்து நிற்கும்படியும் ஊன்றிய திருவடியில் முழு எடையும் இறங்கும்படியும் வைப்பான். கடையில் விற்கும் சில வார்ப்புகளில் தீ ஒரு மொக்குப் போலவும் உடுக்கை ஒரு கட்டியாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கும்பிடுபவருக்கு அருள் குறையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டுக் குழந்தை, "இது என்ன?" என்று உடுக்கையைத் தொட்டுக் கேட்டால் காட்டுவதற்கு அங்கே உடுக்கை இல்லையே.

சிவகாமியம்மையின் தியான சுலோகமும் எங்களுக்கு அப்படித்தான் வழிகாட்டுகிறது: கருமை கலந்த மேனி, இரு கண், இரு கை, மூன்று வளைவாக நிற்கும் நிலை, ஒரு கையில் குவளை, மற்றொரு கை தொங்கவிட்டது. குவளையை உலோகத்தில் செய்யாமல், கடக முத்திரையில் விரல்களுக்கு நடுவே துளை மட்டும் விட்டு வைப்பது பழைய வழக்கம். தினமும் வழிபடுபவர் ஒரு புதுப் பூவைச் செருகும்போதுதான் அந்த உருவம் நிறைவடைகிறது. எங்கள் வேலையின் கடைசிப் பங்கை இப்படி உங்களிடம் விட்டுவிடுகிறோம்.

கண் எடுப்பது பற்றி: எடுக்கலாம், பழைய திருமேனிகள் பலவற்றில் பிற்காலத்தில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் உளி எதையும் கூட்டாது, உள்ளதிலிருந்து குறைக்கத்தான் செய்யும். ஏற்கெனவே தேய்ந்த முகத்தில் புதுக்கோடு ஆழமாக விழுந்தால் அது உங்கள் அம்மையின் முகமாக இராது. இந்த ஆண்டு வேலை செய்தவரின் கண்ணாக இருக்கும். நானாக இருந்தால் தொட மாட்டேன். தேவைப்பட்டால் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துங்கள்.

நட்டகல்

உளியோசை ஐயாவின் விடையை ஏற்கிறேன். வேண்டுமென்றே காலியாக விட்ட கை என்ற செய்தி எனக்கு இதுவரை தெரியாது. இத்தனை கோயில்களில் அந்த விரல்களைப் பார்த்திருந்தும், உள்ளே இருந்தது உடைந்துபோயிருக்கும் என்றே நினைத்திருக்கிறேன். சிவவாக்கியரின் கேள்வியை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அவர் கேட்டது புரியாமல் சுற்றுபவரை. இந்தச் சகோதரி புரிந்துகொள்ளவே இங்கு வந்திருக்கிறார்.

அரசலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள்களாக எழுதாததற்குக் காரணம், தென்னங்கீற்றோடு உட்கார்ந்திருந்ததுதான்.

ஞாயிறு காலை அம்மாவும் நானும் அம்மையைப் பலகையில் எழுந்தருளச் செய்து அளந்தோம். முகத்தின் அளவு என் சுண்டுவிரலின் ஒரு கணுவை விடச் சிறியது. அந்தத் துண்டு கழுத்துக் குழியிலிருந்து மார்புக்குச் சரியாக இருந்தது. மார்பிலிருந்து உந்திக்கும் அப்படியே. இடுப்பு வளைவதால் அடுத்த அளவில் முதலில் தவறினோம். பிறகு வளைவோடு ஓலையையும் வளைத்து வைத்தபோது அதுவும் பொருந்தியது. தொடைக்கு இரண்டு முறை வைத்ததும் அம்மா அழுதுவிட்டார்கள். முகத்தில் ஒன்றுமே மிச்சமில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். அந்த முகத்தின் அளவு உடல் முழுவதும் இருந்திருக்கிறது.

கடகக் கையின் துளையைத் தேடினோம். பல ஆண்டுச் சந்தனமும் எண்ணெயும் இறுகி அடைத்திருந்தது. வெந்நீரில் நனைத்த பஞ்சும் வேப்பங்குச்சியும் கொண்டு மெல்ல எடுத்தோம். உளி, ஊசி எதுவும் வைக்கவில்லை. செவ்வந்திக் காம்பு தடிமனாக இருந்தது. நந்தியாவட்டைக் காம்பு உள்ளே சென்று நின்றது. அப்பாயி ஏன் கொல்லையில் அந்த ஒரு செடியை மட்டும் யாரையும் வெட்ட விடாமல் வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். பித்தளை அம்மனுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டானாம். அதைப் புதுவீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். விழாவன்று மட்டும் இந்த அம்மையைக் காரில் மடியில் வைத்துக் கொண்டுசென்று, மறுநாளே கும்பகோணம் திரும்பிவிடுவோம். கண் எடுக்கப் போவதில்லை. வெள்ளிக் கண்மலருக்குச் சொல்லியிருக்கிறோம். பதிவு அலுவலரிடம் கொடுக்க வேண்டிய படங்களும் எடுத்தாகிவிட்டது. ஓலைத்துண்டைப் பூசையறை மாடத்தில் வைத்திருக்கிறேன்.

உளியோசை

மகிழ்ச்சி அம்மா. ஓலை காய்ந்தால் சுருங்கிவிடும். இன்றே அந்த அளவை ஒரு தாளில் கோடாக இழுத்து, தேதியும் போட்டு வையுங்கள். கண்மலர் செய்பவருக்கு அந்தத் தாளைக் கொடுத்தால் போதும், அம்மையை வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.